செவலைக்கு ஊற்றிய எண்ணெய்

ஜனவரி 19

செவலை இன்று காலை ஐந்தே முக்காலுக்கு இறந்துவிட்டது. இதைச் சொன்னது எதிர்வீட்டு ஈஸ்வரி மைனி. எங்கள் வாசலில் வந்து நின்று, "மாமா, செவல போயிட்டு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அப்பாவுக்குப் பின்னால் நான் பல்துலக்கிக்கொண்டு நின்றேன். நான் போய்ப் பார்த்தபோது மணி ஆறு. உடம்பில் சூடு இருந்தது. மூக்கில் நுரை.

இன்ஷூரன்ஸ் மாமா கொடுத்த டைரி பதினெட்டு நாளாக வெறுமனே கிடந்தது. நோயைப் பற்றி எழுதுவதென்றால் மணி போட்டு எழுத வேண்டும், பார்த்ததையும் கேட்டதையும் கலக்கக்கூடாது என்று உயிரியல் டீச்சர் சொல்வார். ஆறாம் வகுப்பிலிருந்து கால்நடை மருத்துவர் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. செவலையை என் முதல் நோயாளியாக வைத்து எழுதுகிறேன்.

16, மாட்டுப் பொங்கல். எங்கள் தெருவில் பதினான்கு வீடு, மாடு ஒன்றுதான். அது எதிர்வீட்டு வேலம்மாள் பெரியம்மையின் செவலை. வருஷா வருஷம் எல்லா வீட்டாரும் இலையில் பொங்கல் எடுத்து வந்து அதற்கு ஊட்டுவார்கள். ஒரு வீடு விட்டுப்போனால் அந்த வீட்டுக்குக் குறை. எங்கள் வீட்டிலிருந்து நான் ஊட்டினேன். சர்க்கரைப் பொங்கல் இரண்டு கை, பழம் ஒன்று. சாயங்காலம் பெரியம்மையின் மருமகள் ஈஸ்வரி மைனி வீட்டுப் பொங்கல் பானையைத் தொழுவத்தில் இறக்கி வைத்துவிட்டுப் பூ எடுக்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் செவலை பானைக்குள் வாயை விட்டுவிட்டது. பானையில் எவ்வளவு இருந்தது என்பதில் இரண்டு கணக்கு. மைனி கால் பானை என்கிறார். பெரியம்மை முக்கால் பானை என்கிறார்.

17. காலையில் தீனி எடுக்கவில்லை. இடது பக்க வயிறு உப்பியிருந்தது. சாணம் தண்ணீராக, புளித்த வாடையோடு. கால்நடை ஆஸ்பத்திரி விடுமுறை. பன்னிரண்டரைக்கு நல்லெண்ணெய் கொடுத்தோம். பாட்டிலில், இரண்டு முறை. கொஞ்சம் செருமியது. சாயங்காலம் மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு அறுபத்து நான்கு.

18. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் டாக்டர் எஸ்தர் வந்தார். மூன்று ஊசி. பொங்கல் தின்று படுத்த மாடு இந்த இரண்டு நாளில் தனக்கு இது ஐந்தாவது என்றார். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்ததைவிட நெஞ்சில் அதிக நேரம் வைத்திருந்தார். "வாய் வழியா என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். "நல்லெண்ணெதான் டாக்டரம்மா" என்றார் பெரியம்மை. டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை.

இறப்புக்குக் காரணம்: அளவுக்கு மீறிய சோறு.

ஜனவரி 20

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். மஞ்சள் பூசி, புதுத்துண்டு போட்டுத்தான் குழிக்குள் இறக்கினார்கள். பெரியம்மை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அம்மா இட்லி கொண்டுபோனாள். நானும் போனேன்.

"பதினோரு வருசம் ஒரு ஊசி போட்டதில்லட்டி அதுக்கு" என்று பெரியம்மை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எவ்வளவு பாடுபட்ட. படிக்கப் பிள்ள, படிப்ப விட்டுட்டு ரெண்டு நாளும் கூடவே நின்ன. இந்த வீட்டுல இருக்கவளுக்கு ஒரு பானைய எங்க வைக்கணும்னு தெரியல."

ஈஸ்வரி மைனி அடுப்படியில் இருந்தார். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

ஜனவரி 29

தெருவில் எல்லாரும் என்னை இப்போது 'டாக்டரு' என்றே கூப்பிடுகிறார்கள். முன்பு கேலிக்குக் கூப்பிட்டார்கள். இப்போது கோழிக்குச் சொறி, பூனைக்கு வாந்தி என்று வந்து நிற்கிறார்கள். "மாட்டாஸ்பத்திரி தொறந்துட்டா?" என்று அப்பா கேட்கிறார். அப்பாவுக்கு விசைத்தறியில் இராத்திரி ஷிப்ட். பகலில் தூங்க முடியவில்லை என்று குறை.

பெரியம்மை வீட்டில் பாக்கெட் பால். தினம் காலையில் கத்தரியால் பாக்கெட்டை வெட்டும்போது தெருவுக்குக் கேட்கும்படி, "ஏ ஈஸ்வரி, கறந்தாச்சு, வந்து எடுத்துக்கோ" என்கிறார். மைனி வந்து எடுத்துக்கொள்கிறார். மைனியின் வீட்டுக்காரர் துரை அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மாசத்துக்கு ஒருமுறைதான் வருவார்.

பிப்ரவரி 11

செய்முறைத் தேர்வு முடிந்தது. தவளையின் இதயப் படத்தில் ஒரு பெயரை மாற்றி எழுதிவிட்டேன். டீச்சர் பார்க்கவில்லை.

பிப்ரவரி 22

மைனி மாவாட்டுவதற்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் கிரைண்டர் பழுது. நான் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் வந்தால் என் புத்தகத்தைப் பிடுங்கி, "எங்க, நான் கேள்வி கேக்கேன், நீ பதில் சொல்லு கொழுந்தியா" என்பார். பிளஸ் டூவில் அவரும் அறிவியல்தான். இன்று மாவை வழித்துக்கொண்டே, "எல்லாம் படிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு பாடம் இருக்கு மைனி."

"நல்லா எழுது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதை நான் கவனித்துக் கேட்டேன்.

மார்ச் 26

தேர்வுகள் முடிந்தன. உயிரியல் நன்றாக எழுதினேன். இயற்பியலில் ஐந்து மதிப்பெண் நிச்சயமாகப் போகும்.

ஏப்ரல் 6

கால்நடை ஆஸ்பத்திரியில் இன்று முதல் நாள். விடுமுறையில் வந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு நானே எழுதிக் கொண்டுபோன கடிதத்தை டாக்டர் எஸ்தர் படிக்கவே இல்லை. "செருப்பு போட்டுட்டு வராத, ஷூ போட்டுட்டு வா. மயங்கி விழுந்தா தூக்க ஆளுக்கு நேரமில்ல, ஒதுங்கி விழு" என்றார்.

முதல் வேலை ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பதினேழு ஆடு. இரண்டு என் காலில் மூத்திரம் பெய்தன. வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே வாளியில் தண்ணீர் வைத்திருந்தாள்.

"இதுக்குத்தான் வீட்டுல நாங்க ஒனக்கு மேச வாங்கிக்குடுத்துப் படிக்க வச்சோமா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஏப்ரல் 10

தெர்மாமீட்டர் வைக்கக் கற்றுக்கொண்டேன். கன்றுக்குட்டி உதைத்து முழங்காலுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருக்கிறது. ஊசி போடும்போது கண்ணை மூடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஊசி போடுவது டாக்டர், கண்ணை மூடுவது நான். "வலி மாட்டுக்கா ஒனக்கா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 17

பதினோரு மணி இருக்கும். ஒருவர் வெள்ளாட்டை பைக்கில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கழுத்தை நீட்டி மூச்சு வாங்கியது. மூக்கில் நுரை.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன ஊத்துன?"

"வயிறு உப்பிருந்து. வேப்பெண்ணெ கொஞ்சம்."

"தலையத் தூக்கி, நாக்க இழுத்துப் புடிச்சிக்கிட்டு ஊத்துனியா?"

"ஆமா டாக்டரம்மா. அப்பத்தான உள்ள போவும்."

"ஒன் நாக்க நீ புடிச்சிக்கிட்டு ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுப் பாரு. முழுங்க முடியுதான்னு வந்து சொல்லு. நாக்குதான் முழுங்கும். நாக்க நீ புடிச்சிக்கிட்டா எண்ணெ எங்க போவும்? மூச்சுக்கொழா வழியா நெஞ்சுக்குத்தான் போவும். இருமுச்சா?"

"இருமுச்சு."

"இருமும்போது நிறுத்துனியா?"

அவர் துண்டால் ஆட்டின் மூக்கு நுரையைத் துடைத்தார்.

நான் ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆடு மூன்று மணிக்கு இறந்தது.

ஏப்ரல் 18

வீட்டில் யாரும் இல்லாதபோது சோதித்துப் பார்த்தேன். நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, தண்ணீர் ஊற்றினேன். முழுங்க முடியவில்லை. மூன்று முறை செய்தேன். மூன்றாவது முறை மூக்கு வழியாக வந்தது.

ஜனவரி 17 பற்றிய குறிப்பில் விட்டுப்போனவை:

எண்ணெய் கொடுக்கலாம் என்று சொன்னவள் நான். டாக்டர் வரும் வரை காத்திருக்கலாம் என்று அம்மா சொன்னாள். அதுவரை தாங்காது என்றேன். மூக்கணாங்கயிற்றைப் பிடித்துச் செவலையின் தலையைத் தூக்கியது பெரியம்மை. நாக்கைப் பிடித்தது நான். பாட்டிலைச் சாய்த்ததும் நான். முதல் பாட்டில் பாதி போனதும் செவலை இருமியது. செருமல் இல்லை, இருமல். தலையை உதறியது. ஈஸ்வரி மைனி வாலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "கனி, இருமுதுட்டி, போதும், விட்டுரு" என்றார். நான், "வயித்துக்குப் போனாத்தான் மைனி மருந்து வேலை செய்யும்" என்றேன். இரண்டாவது பாட்டிலையும் ஊற்றினேன்.

அந்தத் தெருவிலேயே எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 20

டாக்டரிடம் கேட்டேன். பொதுவாகக் கேட்பதுபோல, "சோறு தின்ன மாட்டுக்கு எண்ணெ ஊத்தி இருமுனா?" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"பொங்கலுக்கு நான் பாத்த மாடா, ஒங்க தெரு?"

"ஆமா டாக்டர்."

"நெஞ்சுல ரெண்டு பக்கமும் சத்தம் இருந்துச்சு. அழுதுகிட்டு நின்னவங்ககிட்ட அத சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு விட்டேன்."

"அப்ப எண்ணெயினாலதானா?"

"சோத்துக்கே போயிருக்கலாம். அந்த ரெண்டு நாளுல நான் பாத்த அஞ்சுல ரெண்டு போச்சு. எண்ணெயும் சேந்து முடிச்சிருக்கலாம். அறுத்துப் பாத்திருந்தா சொல்லலாம். இனி யாரும் சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "யாரு ஊத்துனா?"

நான் மேசைமேல் சிந்திய மருந்தைத் துடைத்தேன். டாக்டர் தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்து, "கழுவி வை" என்றார்.

உறுதியானது: நெஞ்சில் சத்தம் இருந்தது. உறுதி இல்லாதது: எதனால் இறந்தது. பானைதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 21

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தலைவலி.

ஏப்ரல் 24

போனேன். பாட்டிலில் மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் தலையைச் சமமாக வைத்து, கடைவாயில் விட்டு, விழுங்க நேரம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக. பதினைந்து முறை செய்தேன். ஒன்றுகூட இருமவில்லை. சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, இதுதான் ஜனவரியிலும் செய்திருக்க வேண்டியது.

மே 8

பிளஸ் டூ முடிவு. உயிரியல் 98, வேதியியல் 95, இயற்பியல் 91. கட்-ஆஃப் 191 என்று சார் கணக்குப் போட்டுச் சொன்னார். போன வருஷம் எங்கள் பிரிவுக்கு எதில் நின்றது என்று இரண்டு பேர் இரண்டு எண் சொல்கிறார்கள். ஒன்றின்படி சீட்டு உண்டு. மற்றதன்படி இல்லை.

பெரியம்மை ஓடி வந்து என் வாயில் சீனியைப் போட்டார். ஈஸ்வரி மைனியும் வந்தார். "எவ்வளவுட்டி?" என்று கேட்டு, சொன்னதும் என் தலையைத் தன் தோளோடு ஒருமுறை அழுத்தி விட்டார். "நான் நூத்தி அறுபதே தாண்டல. கெட்டிக்காரி" என்றார்.

இன்றே சொல்லியிருக்கலாம். கூட்டமாக இருந்தது.

மே 16

பள்ளிக்கூட வாசலில் பிளெக்ஸ் போர்டு வைக்கிறார்கள். முதல் ஐந்து பேரின் படமும் மதிப்பெண்ணும். படத்துக்குக் கீழே லட்சியம் என்று இரண்டு வரி. தலைமையாசிரியை, "மனசத் தொடுற மாதிரி எழுதும்மா, அட்மிஷன் நேரம்" என்றார். நான் எழுதிக் கொடுத்தது: 'கால்நடை மருத்துவர் ஆவேன். எங்கள் தெருவின் ஒரே பசுவைக் காப்பாற்ற முடியாமல் போன அன்று எடுத்த முடிவு.'

முடிவெடுத்தது ஆறாம் வகுப்பில். அதை எழுதவில்லை. மற்றதையும் எழுதவில்லை.

மே 23

பெரியம்மை போர்டைப் பார்ப்பதற்கென்றே அம்மாவோடு போயிருக்கிறார். படிக்கத் தெரியாது. அம்மா படித்துக் காட்டினாளாம். நடுரோட்டில் நின்று அழுதிருக்கிறார். வந்ததும் தெரு முழுக்கச் சொன்னார். "எஞ் செவலைய போர்டுல போட்டிருக்கா எங் கனி." பிறகு எங்கள் வீட்டு வாசலிலிருந்தே தன் வீட்டைப் பார்த்து, "ஒருத்தி கொன்னா, ஒருத்தி பேரு வாங்கிக் குடுத்தா" என்றார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது.

ஜூன் 7

துரை அண்ணன் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறார். வேறொரு மாடு பிடித்துத் தருகிறேன், தொழுவம் சும்மா கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதிலிருந்து சண்டை. எங்கள் வீட்டில் எல்லாம் கேட்டது.

"இவ இருக்க வீட்டுல இன்னொரு வாயில்லாச் சீவன் வேண்டாம்" என்றார் பெரியம்மை.

"எம்மா, அவ வேணும்னா வச்சா?"

"வேணும்னு வச்சாளோ வேண்டாம்னு வச்சாளோ. ரெண்டு வருசமாச்சு கெட்டி வந்து. ஒரு நல்ல காரியம் நடந்துருக்கா இந்த வீட்டுல?"

அதன் பிறகு மைனியின் குரல் ஒரே ஒருமுறை. "அத்த, செவலைக்கு நான் வந்த நாள்ல இருந்து தவிடு கலக்கி வச்சது யாரு?"

அம்மா கதவைச் சாத்தினாள். "நமக்கெதுக்கு" என்றாள்.

ஜூன் 9

ஈஸ்வரி மைனி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கோவில்பட்டிப் பக்கம். துரை அண்ணன் பஸ் ஏற்றிவிட்டு அப்படியே திருப்பூர் போகிறார். நான் சன்னலில் இருந்தேன். மைனி கையில் இரண்டு பை, ஒரு பிளாஸ்டிக் குடம். நாலு நாள் தங்கப் போகிறவர் குடம் எடுத்துப் போகமாட்டார்.

ஜூன் 13

கால்நடை மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது, காலை 11.20. தரவரிசைப் பட்டியல் ஜூலை முதல் தேதி.

சீட்டு உறுதியானதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மொத்தம் பதினெட்டு நாள்தான்.

ஜூன் 16

ஆஸ்பத்திரிக்கு ஒரு எருமை வந்தது, கர்ப்பப்பை வெளியே தள்ளி. கழுவிப் பிடித்துக்கொண்டு நின்றேன், முக்கால் மணி நேரம். கண்ணை மூடவில்லை. முடிந்ததும் டாக்டர், "கை நடுங்கல பாத்தியா" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "அந்த மாட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இரண்டு மாசம் கழித்து, அவராகவே.

"ரேங்க் லிஸ்ட் வரட்டும்னு இருக்கேன் டாக்டர்."

"ஓ" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 21

இன்று சொன்னேன்.

ஞாயிறு, காலை பத்து மணி. பெரியம்மை தனியாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஒரு ஆளுக்கான கீரை. நான் எதிரே உட்கார்ந்தேன்.

"பெரியம்மை, செவல சோத்துனாலதான் செத்துச்சுன்னு சொல்ல முடியாது. நான் ஊத்துன எண்ணெ நெஞ்சுக்குப் போயிருக்கு. டாக்டரு சொன்னாவ."

கை நிற்கவில்லை. "ஈஸ்வரி போன் போட்டாளா ஒனக்கு?"

"இல்ல."

"அப்ப ஒங்க அம்ம சொல்லிவிட்டாளா? அவளுக்குத்தான் அவமேல எரக்கம்."

"யாரும் சொல்லல பெரியம்மை. நான்தான் சொல்லுதேன்."

"ஒனக்கு நல்ல மனசு தாயி. அதுக்காவ அடுத்தவ பழியத் தூக்கி ஒந் தலையில வைக்காத. போர்டுல ஒம் படம் நிக்கி."

எழுதிக்கொண்டு போனதெல்லாம் தீர்ந்துவிட்டது. நான் அழுதால் அதையும் நல்ல மனசு என்றுதான் சொல்வார். எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்தேன்.

"நாக்க வெளிய நீட்டுங்க பெரியம்மை. வெரலால புடிச்சிக்கிடுங்க. இப்பக் குடிங்க."

"என்னட்டி இது கோட்டித்தனம்?"

"எனக்காவ ஒருதடவ."

சிரித்துக்கொண்டே செய்தார். தண்ணீர் தாடையில் வழிந்து சேலை நனைந்தது. இருமினார். "ஏட்டி, கெழவியக் கொல்லவா வந்த?" என்றார். அவர் செம்பைப் பார்த்தார். இரண்டாவது முறை நான் சொல்லாமலே அவராகச் செய்தார். நாக்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி. இந்த முறை இருமல் அடங்க நேரமாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு தொழுவத்தைப் பார்த்தார்.

"தலைய நாந்தானட்டி தூக்கிப் புடிச்சேன்" என்றார்.

"நான் புடிக்கச் சொன்னேன்."

"அது தலைய ஒதறுச்சு. நான் கயித்த இன்னும் இழுத்தேன்."

கீரை முறத்தில் அப்படியே கிடந்தது. பிறகு, "அது இருமுன பொறவு எதுக்கு இன்னொரு பாட்டிலு ஊத்துன?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும்னு நெனச்சேன். மைனி அப்பவே போதும், விட்டுருன்னு சொன்னாவ."

"ஈஸ்வரியா?"

"ஆமா."

"எனக்குக் கேக்கலயே."

"எனக்குக் கேட்டுச்சு பெரியம்மை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. திட்டவில்லை. "போ, வீட்டுக்குப் போ" என்றார். நான் எழுந்தபோது, "பள்ளிக்கூடத்துப் போர்டுல என்னத்தட்டி எழுதுன நீ" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

அம்மாவிடமும் அப்பாவிடமும் மத்தியானம் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தூங்கப் போகவில்லை.

ஜூன் 22

மைனிக்குப் போன் செய்தேன். இரண்டாவது முறை எடுத்தார். பெரியம்மையிடம் சொன்னதையெல்லாம் அதே வரிசையில் சொன்னேன். நடுவில் குறுக்கிடவில்லை.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"ஏப்ரல் பதினேழு."

"தேதியெல்லாம் வச்சிருக்கா" என்றார். யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது. பிறகு, "லிஸ்ட் வந்துட்டா? சீட்டு உறுதியாயிட்டா?"

"இன்னும் வரல மைனி."

"வந்த பொறவு சொல்லியிருக்கலாம்லா?"

அது கோபமா, அக்கறையா என்று குரலில் தெரியவில்லை.

"மைனி, மன்னிச்சிருங்க."

"அஞ்சு மாசம் தெனம் காலையில அந்தப் பாக்கெட்ட எடுத்தேன் கனி. நானே கொன்னுட்டேன்னு எனக்கே தோணிப்போச்சு. கனவுல வரும், பானையோட." பிறகு, "வச்சிருதேன்" என்றார். வைத்துவிட்டார்.

ஜூன் 24

தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மைதான் சொல்லியிருக்கிறார், குழாயடியில், எல்லார் முன்னாலும். என்னைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "நானும் இந்தப் பிள்ளையும் சேந்து கொன்னுட்டு அவ மேல போட்டோம்" என்று சொன்னாராம். இதைச் சொன்னது அம்மா. அம்மாவும் குழாயடியில் இருந்தாள்.

யாரும் என்னை டாக்டரு என்று கூப்பிடவில்லை. மூன்றாம் வீட்டு அக்கா மட்டும் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அதுக்காவ இதப் பாக்காம இருப்பியா?" என்றார். பார்த்தேன். கண்ணில் அம்மை. மருந்து நான் கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன்.

தலைமையாசிரியையிடம் போய் போர்டில் அந்த இரண்டாவது வரியை மறைத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன். வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

ஜூன் 27

ஈஸ்வரி மைனி நாளை வருகிறார். சொன்னது பெரியம்மை. ஆறு நாளாக என்னோடு பேசாதவர் இன்று மத்தியானம் எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு மணி பஸ்ல ஏறுதேன்னா. நாலரைக்கு வந்துரும்."

"துரையண்ணன் கூட்டியாராவளா?"

"அவன் எதுக்கு? சொன்னவ நானு. நாந்தான் போயி நிக்கணும்." நிலையில் விரலால் எதையோ சுரண்டினார். "போன்ல சரியாப் பேசல. வாரேன்னா, அவ்வளவுதான். எனக்குத் தனியாப் போயி அவ மொகத்தப் பாக்க ஒரு மாதிரி இருக்கு. நீயும் வாட்டி."

"என்னையப் பாத்துட்டு மைனி திரும்ப பஸ்ல ஏறிட்டாவன்னா?"

"ஏறுனா நாமளும் ஏறுவோம்."

போய்விட்டார். நாலடி போய்த் திரும்பி, "நல்ல சேல ஒண்ணு கெட்டிக்கிட்டு வரணுமோ?" என்று கேட்டார். நான் தெரியவில்லை என்றேன். அவருக்கும் தெரியவில்லை.

பஸ் நாளை நாலரைக்கு வருகிறது. மைனி இறங்குவாரா, இறங்கினால் என்னோடு பேசுவாரா என்பது அப்போதுதான் தெரியும். தரவரிசைப் பட்டியல் புதன்கிழமை, ஜூலை 1. நேரம் இன்னும் அறிவிக்கவில்லை.